ஒரு அங்குலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க் குழு)



சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுகிறவன் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். பாயசம் நன்றாக இருந்தது என்று முன்வரிசையில் சில பேருடைய கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. தூங்குகிறவர்கள் தூங்கலாம், குறட்டை மட்டும் வேண்டாம். ஒலிப்பதிவு ஓடுகிறது.

செயலாளர் போன் பண்ணி, “நீ வில்லியனூர்ல பட்டறை வச்சிருக்கியே, பழைய காரு பத்தி ஏதாச்சும் பேசு, பசங்களுக்குப் பிடிக்கும்”னார். நான் யோசித்தேன். நல்லபடியாகச் செய்த வேலைகளைப் பற்றிப் பேசினால் அது என் பட்டறைக்கு விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதனால் தப்பாகச் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன். காரின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற மேல் ஆர்மை ஒரே ஒரு அங்குலம் கீழே இறக்கினேன். அவ்வளவுதான் நான் செய்த வேலை.

முதலில் மெக்கானிகல் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அந்தத் தேருக்குச் சக்கரத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. ஒரே அச்சு, இரண்டு பக்கமும் சக்கரம், ஸ்பிரிங் என்ற பேச்சே இல்லை. சக்கரம் எப்போதும் நெட்டுக்குத்தாகத்தான் நிற்கும். வில்வண்டி வந்தபோது அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் பட்டை வைத்தார்கள். ஆனால் அதிலும் அச்சு ஒன்றுதான். காரில்தான் முன்சக்கரங்களைத் தனித்தனியாக விட்டார்கள். ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றது பாட்டுக்குப் போகும். சுகம்தான். ஆனால் நடுவில் அச்சு இல்லையே, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பது யார்?

மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். இந்த அட்டையைப் பாருங்கள். (அட்டையும் குண்டூசியும் கொண்டு செய்த மாதிரியைக் காட்டுகிறார்.) இரண்டு ஆர்முக்கும் உள்முனை வண்டியில் மாட்டியிருக்கிறது, வெளிமுனை சக்கரத்தைப் பிடிக்கிறது. நமக்கு இரண்டாம் ஆண்டில் 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' பேப்பரில் நடத்தினார்களே ஃபோர் பார் செயின், அதேதான் இது. அந்தப் பேப்பரில் நான் வாங்கின மார்க்கை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். பாடம் எடுத்த சார் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கார் இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் சாயும். வலது முன்சக்கரம் மேலே அமுங்கும். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒரு டயர் மேல் வந்து உட்காரும் நேரம் அது. அப்போது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்துபோனால் டயரின் வெளி விளிம்பு மட்டும்தான் ரோட்டைப் பிடிக்கும். தலை கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டால் டயர் முழு அகலத்துக்கும் உட்காரும். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். சக்கரம் அமுங்கும்போது தலை எந்தப் பக்கம் போகும் என்பதை மேல் ஆர்மின் உள்முனை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. குண்டூசியைப் பிடுங்கிக் கொஞ்சம் கீழே குத்துகிறேன். இப்போது சக்கரத்தை அமுக்குகிறேன். தலை உள்ளே வருகிறது பார்த்தீர்களா? இந்த அட்டையில் தெரிகிற விஷயத்தை வைத்துத்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய கதையே நடந்தது.

1964 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் காரைக் கொண்டுவந்தது. பார்க்க மகா கம்பீரம். உள்ளே இருந்த அடித்தளம் ஃபால்கன் என்ற சிக்கனக் காருடையது. நம்ம ஊரில் சாதாரணக் கூண்டு வண்டிக்கு ஜோடனை பண்ணி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் ரோட்டில் பறக்கும். வளைவில் முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. மேல் ஆர்மின் உள்முனை உயரத்தில் இருந்ததால், சக்கரம் அமுங்கும்போது தலை வெளியே போகும். கிளாஸ் ஆர்னிங் என்று ஃபோர்டின் ஒரு இன்ஜினியர் இந்தக் கணக்கைப் போட்டார். கரோல் ஷெல்பி என்பவர் – 1959-ல் லெ மான் பந்தயத்தை ஜெயித்த டிரைவர் – 1965-ல் மஸ்டாங்கைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணி ஜி.டி.350 என்ற பெயரில் விற்றபோது அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார். மேல் ஆர்ம் மாட்டும் துளைகளை ஒரு அங்குலம் கீழே போட்டார்கள். 4.7 லிட்டர், 306 குதிரைசக்தி வண்டி அதற்கப்புறம் வளைவில் சொன்ன பேச்சு கேட்டது. வேடிக்கை என்னவென்றால், 1966-லேயே செலவைக் குறைக்க வேண்டும் என்று அந்தத் துளை வேலையைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை பழைய மஸ்டாங் வைத்திருக்கிறவன் எவனும் முதலில் கேட்கிற வேலை அதுதான். 'ஷெல்பி டிராப்' என்றால் அந்த உலகத்தில் குழந்தைக்கும் தெரியும். (மஸ்டாங்கை மசில் கார் என்று சொல்லக் கூடாது, அது வேறு ரகம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் மல்லுக்கு நிற்கப்போவதில்லை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் அடி மொத்தத்தையும் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற தகரக் கோபுரம் வாங்கிக்கொள்கிறது. வருஷக்கணக்கில் அடி வாங்கினால் அந்தக் கோபுரம் உள்பக்கம் சாயும், ஆர்ம் மாட்டும் இடத்தைச் சுற்றி விரிசல் விடும். அதனால் வெளிநாட்டுக்கு அனுப்பின வண்டிகளுக்கு இரண்டு கோபுரத்தையும் பின்னால் இருக்கிற தகட்டோடு சேர்த்துக் கட்டுகிற ஒரே துண்டுப் பிரேஸ் கொடுத்தார்கள். 'எக்ஸ்போர்ட் பிரேஸ்' என்று பெயர். ஷெல்பி துளையை இறக்கினபோது இந்தப் பிரேஸையும் போட்டார், இரண்டு கோபுரத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு கம்பியும் போட்டார். இது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் உறைத்தது. ஒரு அங்குலத் துளை என்பது கூட நாலு வேலையோடு சேர்ந்து வந்த ஒரு வேலை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பாகூர்ப் பக்கம் ஒரு சொல்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். இவர் இளவயதில் பிரான்சில் இருந்தபோது, 1966-ல் வந்த 'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்திருக்கிறார். அதில் கதாநாயகன் மஸ்டாங் ஓட்டிக்கொண்டு மான்டே கார்லோ ராலிக்குப் போவான். “படத்துல கதை என்னன்னு இப்ப கேட்டா சொல்லத் தெரியாது தம்பி, காரு மட்டும் அப்படியே கண்ணுல நிக்குது” என்பார்.

மஸ்டாங் வாங்க வசதி இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கான்டெஸா ஒன்று வாங்கினார். நம் நாட்டில் மசில் கார் என்ற பெயருக்குக் கிட்டத்தில் வந்தது அது ஒன்றுதான். இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி 1970-களில் செய்த விக்டர் காரின் உடம்பு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை செய்தார்கள். முதலில் அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின். யானைக்குக் கழுதையைப் பூட்டின மாதிரி இருக்கும். அப்புறம் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர் போட்டார்கள், வண்டிக்கு உயிர் வந்தது. அவரிடம் இருந்தது இசுசு வண்டி. வெள்ளை நிறம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரே கழுவுவார், டிரைவரைத் தொட விட மாட்டார்.

2006 கடைசியில் ஒருநாள் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஜி.டி.350 பற்றிக் கட்டுரை, துளை இறக்கிய படம். “தம்பி, இந்த வேலைய நம்ம வண்டிக்குப் பண்ணு. ஒரே ஒரு பூஸ்”னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிரெஞ்சில் அங்குலத்துக்கும் கட்டைவிரலுக்கும் ஒரே சொல்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வில்லியனூர்ப் பட்டறையில் ஷெல்பி வேலை! “முடியுமா பார்க்கிறேன் ஐயா” என்று சொல்லியிருக்க வேண்டும். “மூணு நாள்ல முடிச்சுடறேன்”னு சொன்னேன். ஆர்ம் மாட்டுகிற இடத்திலிருந்து ஒரு அங்குலம் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். துளை போட்டேன். பின்பக்கம் தகடு கொடுத்து வெல்டிங் வைத்தேன். வெல்டிங் அருமையாக வந்தது. இன்றைக்கும் அந்த வெல்டிங்கில் நான் குறை சொல்ல மாட்டேன். கேம்பர், டோ-இன் சரி பண்ணி, நானே எடுத்துக்கொண்டு மங்கலம், ஏம்பலம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போனது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வித்தியாசம் தெரிந்தது. சொல்தா ஓட்டிப் பார்த்துவிட்டு, பட்டறைப் பையன் கையில் நூறு ரூபாய் திணித்துவிட்டுப் போனார்.

நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 வைகாசி, தேர் அன்றைக்குக் காலையில், அவர் குடும்பத்தோடு வில்லியனூருக்குக் கிளம்பினார். வண்டியில் ஆறு பேர், மூன்று பேர் பேரப்பிள்ளைகள். டிக்கியில் நீர்மோர் அண்டா. கரிக்கலாம்பாக்கம் வழியாக வந்து, ஏம்பலம் தாண்டி ஒரு வேகத்தடை. அவர் பிரேக் பிடித்திருக்கிறார், முன்பக்கம் அமுங்கியபடியே ஏறியிருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம். வலது முன்சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்து, மூக்கு தரையில் இடித்து வண்டி நின்றது. முன்சீட்டில் தாத்தா பக்கத்தில் நின்றுகொண்டு வந்த ஏழு வயதுப் பேரனுக்கு டேஷ்போர்டில் இடித்து உதடு கிழிந்தது. நாலு தையல். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

வேகத்தடையாக இருந்ததால் அந்த அளவோடு போனது. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதே வண்டி நேர் ரோட்டில் 80-ல் வந்திருக்கிறது. அதை அவர்தான் சொன்னார், குரலை உயர்த்தாமல். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

முறிந்தது என் துளையும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. மேல் ஆர்மின் வெளிமுனையில் இருக்கிற பால் ஜாயின்டின் தண்டு. முதலில் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? “பார்ட்டு சரியில்ல. நம்ம மேல தப்பில்ல.” பட்டறை வைத்திருக்கிற எல்லோருக்கும் வாயில் முதலில் வருகிற வார்த்தை இது. வெளியே சொல்வதற்கு முன்னால் அதிர்ஷ்டவசமாக முறிந்த முகத்தைக் கழுவிப் பார்த்தேன்.

தம்பிகள் இதைக் கவனியுங்கள். ஒரே அடியில் முறிந்த இரும்பின் முகம் முழுக்கப் பளிச்சென்று, சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி மணல்மணலாக இருக்கும். இதில் பாதிக்குமேல் கறுத்து வழவழப்பாக இருந்தது. அதில் வரிவரியாக வளைவுகள். கடற்கரையில் அலை வந்து போன கோடு மாதிரி இருப்பதால் 'பீச் மார்க்' என்று நமக்குப் பாடத்தில் சொன்னார்கள். நாள்கணக்கில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தடம் அது. மீதி இருந்த ஓரத்தில் மட்டும்தான் அன்றைக்குக் காலையில் முறிந்த பளபளப்பு. கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கி வெள்ளியாக மின்னியது. தண்டு அந்த விளிம்பில் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆறு மாசமாக.

ஏன் மோதியது? பால் ஜாயின்ட் குறிப்பிட்ட டிகிரிவரைதான் சாயும். அசல் ஆர்ம் எந்தச் சாய்வில் நிற்குமோ அதை மனதில் வைத்துத்தான் கிண்ணத்தைப் பொருத்தியிருப்பார்கள். நான் உள்முனையை இறக்கினேன். வெளிமுனை அங்கேயே இருந்தது. அதனால் ஆர்ம் வெளியே மேல்நோக்கித் தூக்கிக்கொண்டது. சக்கரம் அமுங்க அமுங்க இன்னும் தூக்கும். ஒரு ஆள் ஓட்டினால் சக்கரம் அந்த எல்லைவரை போகாது. ஆறு பேர் ஏறி, பிரேக் பிடித்து, வேகத்தடையில் ஏறினால் போகும். மஸ்டாங்கிலேயே ஒரு அங்குலத்துக்கு மேலே இறக்குகிறவர்கள் பால் ஜாயின்டுக்கு அடியில் ஆப்பு மாதிரி ஒரு தகடு வைத்துச் சாய்வைச் சரி பண்ணுகிறார்கள். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் கட்டையின் சாய்வைப் பார்த்துப் போடுகிறார் அல்லவா, அந்த மாதிரி. எனக்கு அன்றைக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் பண்ணவில்லை.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்த மறுநாள் சொல்தா வந்தார். நான் எல்லாவற்றையும் காட்டினேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் உடைந்த தண்டைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “அந்த அமெரிக்காக்காரன் எத்தன நாள் அளந்திருப்பான் தம்பி?” என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. செலவு என்னுடையது என்றேன், சரி என்றார். கழித்துப்போட்ட கான்டெஸா ஒன்றிலிருந்து அந்தப் பாகத்தை வாங்கிவந்து, அசல் துளையிலேயே ஆர்மை மாட்டினேன். அதற்கப்புறமும் வண்டியை என்னிடம்தான் விட்டார். ஊரில் யாரிடமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கு நானே சொல்கிறேன்.

அந்த வேலையைத் துளை போடுவதற்கு முன்னால் எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சமதளமான சிமெண்டுத் தரை, ஜாக்கி, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு, ஸ்கேல், கிராஃப் பேப்பர். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பிரிங் கழற்றும்போது கம்பிரஸர் போட்டு, ஜாக்கிரதையாக. அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும், விளையாட்டு இல்லை. ஸ்பிரிங் இல்லாத சக்கரத்தை அடியிலிருந்து ஜாக்கியால் அரை அங்குலம் அரை அங்குலமாகத் தூக்கி, ஒவ்வொரு உயரத்திலும் ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தூக்குநூல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு விளிம்புக்கும் நடுவே 14 அங்குலம் என்றால், 6 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி. இதைக் கிராஃபில் புள்ளி வைத்தால் ஒரு வளைகோடு வரும். அந்தக் கோடுதான் உங்கள் வண்டியின் ஜாதகம். கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை முட்டும்வரை அளக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. கூடவே பால் ஜாயின்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், தண்டுக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று. அப்புறம் டோ-இன். சக்கரம் மேலே ஏறும்போது ஸ்டியரிங் கம்பி ஒரு வட்டத்திலும் ஆர்ம் வேறொரு வட்டத்திலும் போனால், ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். நூல் கட்டிப் பார்த்தால் தெரியும். இத்தனையும் அட்டையில் முதலில் செய்து, அப்புறம் வண்டியில் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் துளையைப் பற்றி யோசிக்கலாம்.

யோசிக்கலாம் என்றுதான் சொன்னேன். சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியிருக்கிறது. 2021-ல் வந்த விண்டேஜ் விதியில், 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனி நம்பர் கொடுக்கிறார்கள். ஆனால் அசல் அமைப்பு பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். முதல் கான்டெஸாக்களுக்கு 2034-ல் 50 வயது ஆகும். இன்றைக்குத் துளை போடுகிறவன் அன்றைக்கு வந்து என்னைத் திட்டக் கூடாது.

சொல்தா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வண்டி வீட்டில்தான் இருக்கிறது. உதட்டில் தையல் போட்டுக்கொண்ட பேரனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது, தழும்பு அதற்குள் மறைந்திருக்கிறது. போன மாசம் பட்டறைக்கு வந்தான். “மாமா, தாத்தா வண்டிய இறக்கணும். யூ-டியூப்ல பார்த்தேன், ரொம்ப ஈஸியாம்”னான். நான் ஒன்றும் சொல்லாமல் மேஜை டிராயரைத் திறந்து அந்த உடைந்த தண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். “இது என்ன?”ன்னு கேட்டான். அவனுக்குத் தெரியாது, தாத்தா வீட்டில்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. முழுக்கச் சொன்னேன். உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறான். வலது பக்கம் அளந்து முடித்தாயிற்று. இடது பக்கம் பாதியில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை, ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. பழைய விபத்தில் ஏதோ வளைந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன், அவன் அளவு தப்பு என்கிறான். இங்கே படிக்கிற தம்பி தங்கைகளில் யாருக்காவது ஆசை இருந்தால் நீங்களும் வாருங்கள். தூக்குக்குண்டு என்னிடம் இருக்கிறது. கிராஃப் பேப்பர் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், வில்லியனூரில் எந்தக் கடையில் கேட்டாலும் தீர்ந்துபோச்சு என்கிறான்.